மணிப்பூர் டு இஸ்ரேல்: 2,700 ஆண்டுகளுக்குப் பிறகு ‘வீடு திரும்பும்’ மக்கள்... பைபிள் காலத்திலிருந்து தொடரும் கதை என்ன?

மணிப்பூர், மிசோரம் மாநிலங்களில் வசிக்கும் சுமார் 5,800 பேரை 2030-க்குள் தங்கள் நாட்டுக்கு அழைத்துவர இஸ்ரேல் அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. இதில் 1,200 பேர் 2026-க்குள் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம்.

‘பினெய் மெனாஷே’ என்று அழைக்கப்படும் இந்த மக்கள் வேலை விசாவில் கிளம்பவில்லை. சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன்பு தங்கள் முன்னோர் துரத்தப்பட்ட ஊருக்குத் திரும்பிப் போகிறோம் என்பது அவர்களின் நம்பிக்கை. இஸ்ரேல் அரசும் இதை ‘திரும்பி வருதல்’ கணக்கில்தான் எழுதுகிறது.

ஒரு சமூகம் இத்தனை நூற்றாண்டு கழித்து ‘வீடு திரும்ப’ முடியுமா? யார் திரும்பலாம், யார் திரும்பக் கூடாது என்று யார் முடிவு செய்வது? போகிற இடத்தில் ஏற்கனவே ஆட்கள் இருந்தால்? இந்தக் கேள்விகள் எல்லாமே பைபிளில் இருக்கின்றன. விடையும் அங்கே அவ்வளவு சுலபமாக இல்லை.

யார் இந்த பினெய் மெனாஷே?

வடகிழக்கு மாநிலங்களின் குக்கி, மிசோ இனக்குழுக்களைச் சேர்ந்தவர்கள் இவர்கள். பேசுவது திபெத்திய-பர்மிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிஷனரிகள் வந்த பிறகு இந்த இனக்குழுக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். பைபிளும் கையில் வந்தது.

1951-இல் மிசோரமைச் சேர்ந்த பெந்தகோஸ்தே கிறிஸ்தவர் ஒருவர், தம் மக்கள் இஸ்ரவேலரின் வழிவந்தவர்கள் என்று தமக்குத் தரிசனம் கிடைத்ததாக அறிவித்தார். தங்கள் பழைய பாடல்களிலும் வழிபாட்டிலும் வரும் ‘மன்மாசி’ என்ற முன்னோர் பெயர், பைபிளில் யோசேப்பின் மகனாக வரும் மனாசேதான் என்று பலர் நம்பத் தொடங்கினார்கள். 1970-களில் சில குடும்பங்கள் சனிக்கிழமை ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவுக் கட்டுப்பாடு என யூத முறைக்கே மாறிவிட்டன. பிறகு எலியாகு அவிகாயில் என்ற இஸ்ரேலிய ரப்பி இவர்களைத் தேடி வந்து, ‘பினெய் மெனாஷே’ (மனாசேயின் பிள்ளைகள்) என்று பெயரும் வைத்தார்.

பெரும்பாலான வரலாற்று ஆய்வாளர்கள் இந்த வம்சாவளிக் கதையை ஏற்பதில்லை. ஆனாலும் 2005-இல் இஸ்ரேலின் தலைமை ரப்பிகளில் ஒருவரான ஷ்லோமோ அமார், இவர்களை இஸ்ரவேலரின் வழித்தோன்றல்கள் என்று அங்கீகரித்தார். ஒரே ஒரு நிபந்தனை: முறைப்படி யூத மதத்துக்கு மாறினால்தான் முழு யூதர்.

அதாவது, ‘நீங்கள் எங்கள் ஆட்கள்தான், ஆனால் முதலில் எங்கள் ஆட்களாக மாறுங்கள்’. கேட்பதற்கு விசித்திரமாக இருக்கலாம். பைபிளின் எஸ்றா புத்தகத்தைப் படித்தவர்களுக்கு இதில் அவ்வளவு ஆச்சரியம் இருக்காது.

தொலைந்துபோன பத்து கோத்திரங்கள்

பைபிளில் ‘வெளியேற்றம்’ முதல் பக்கங்களிலேயே தொடங்கிவிடுகிறது. ஆதாமும் ஏவாளும் தோட்டத்தை விட்டுப் போகிறார்கள். ஆபிரகாம் பஞ்சத்தால் எகிப்துக்குப் போய்த் திரும்புகிறார். யாக்கோபின் குடும்பமும் பஞ்சத்தால் எகிப்துக்குப் போகிறது. அவர்களின் சந்ததி அடிமைகளாகி, மோசே தலைமையில் வெளியே வருகிறது. போவதும் வருவதுமாகவே கதை நகர்கிறது.

வரலாற்று ஆதாரத்தோடு பேசக்கூடிய வெளியேற்றம் கி.மு. 722 வாக்கில் நடந்தது. அப்போது இஸ்ரவேலர்களுக்கு இரண்டு ராஜ்யங்கள்: வடக்கே இஸ்ரேல், தெற்கே யூதா. வடக்கின் தலைநகரான சமாரியாவை அசீரியப் பேரரசு பிடித்தது. அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன் தன் கல்வெட்டில், அங்கிருந்து 27,290 பேரைக் கொண்டுபோனதாகப் பெருமையடித்துக்கொள்கிறான். பதிலுக்கு வேறு நாட்டு மக்களை அங்கே குடியமர்த்தினார்கள். தோற்ற நாட்டை மறுபடி எழ விடாமல் செய்ய அசீரியர்கள் வழக்கமாகச் செய்த வேலை இது.

கொண்டுபோகப்பட்டவர்கள் அந்தந்த ஊர் மக்களோடு கலந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. ஆனால் கதை அப்படி முடியவில்லை. ‘தொலைந்த பத்து கோத்திரங்கள்’ எங்கோ இருக்கிறார்கள், ஒருநாள் வருவார்கள் என்ற நம்பிக்கை நூற்றாண்டுகளாக வளர்ந்தது. ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, ஏன் அமெரிக்கப் பூர்வகுடிகள் வரை அவர்களைத் தேடியிருக்கிறார்கள். மனாசே அந்தப் பத்தில் ஒரு கோத்திரம்.

பாபிலோன்: சிறைன்னா உண்மையில் சிறையா?

தெற்கு ராஜ்யத்தின் முறை அடுத்து வந்தது. கி.மு. 597-இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, இளம் அரசன் யோயாக்கீனையும் பிரமுகர்களையும் கைவினைஞர்களையும் கொண்டுபோனான். சுமார் பத்தாண்டு கழித்து நடந்த கிளர்ச்சிக்குப் பிறகு ஆலயமே எரிக்கப்பட்டது.

எத்தனை பேர் போனார்கள்? எரேமியா புத்தகம் மூன்று தவணையாக மொத்தம் 4,600 பேர் என்கிறது. ராஜாக்கள் புத்தகமோ முதல் தவணைக்கே 10,000 என்கிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒன்று தெளிவு: யூதாவின் ஏழை விவசாயிகளில் பலர் அங்கேயேதான் இருந்தார்கள். நாடே காலியானது என்பது பிற்காலத்தில் உருவான சித்திரம்.

தமிழ் பைபிள் இந்தக் காலத்தை ‘சிறையிருப்பு’ என்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குச் சங்கிலியும் கம்பியும்தான் கண்ணில் வரும். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த களிமண் பலகைகள் வேறு மாதிரி சொல்கின்றன. பாபிலோன் அரண்மனைக் கணக்கில், யூதாவின் அரசனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் எண்ணெய் ரேஷன் அளந்து கொடுத்த பதிவு இருக்கிறது. அது யோயாக்கீன்தான்.

2014-இல் வெளியான இன்னொரு பலகைத் தொகுப்பு இன்னும் சுவாரசியம். பாபிலோனியக் கிராமப்புறத்தில் ‘அல்-யாகூது’ (யூதா ஊர்) என்ற பெயரிலேயே ஒரு ஊர் இருந்திருக்கிறது. அங்கே யூதர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பேரீச்சை பயிரிட்டு, வரி கட்டி, கடன் கொடுத்து வாங்கி, சொத்துப் பிரித்து வாழ்ந்த கணக்கெல்லாம் அந்தப் பலகைகளில் இருக்கு. (இந்தப் பலகைகள் முறையான அகழாய்வில் கிடைத்தவை அல்ல, பழம்பொருள் சந்தை வழியாக வந்தவை. அது தனிப் பஞ்சாயத்து.)

எரேமியா தீர்க்கதரிசி பாபிலோனுக்கு அனுப்பிய கடிதமும் இதையேதான் சொன்னது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் ஊர் நன்றாக இருக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்று. 70 ஆண்டு கழித்துத் திரும்பலாம் என்பதும் அதே கடிதத்தில்தான் வருகிறது.

அனுமதி கொடுத்தது ஒரு வெளிநாட்டு மன்னன்

கி.மு. 539-இல் பாரசீக மன்னன் சைரஸ் (தமிழ் பைபிளில் கோரேஸ்) பாபிலோனைப் பிடித்தான். யூதர்கள் திரும்பிப் போய் எருசலேமில் ஆலயம் கட்டலாம் என்று அவன் ஆணையிட்டதாக எஸ்றா புத்தகம் சொல்கிறது. ஏசாயா புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போய், அவனைக் கடவுளால் அபிஷேகம் செய்யப்பட்டவன் என்றே அழைக்கிறது. ‘மேசியா’ என்பதும் அதே சொல்தான். யூதர் அல்லாத ஒருவருக்கு எபிரேய பைபிளில் கிடைத்த பெரிய மரியாதை இது.

1879-இல் பாபிலோனில் கிடைத்த ‘சைரஸ் உருளை’ இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கோயில்களைச் சீரமைத்ததாகவும் மக்களைச் சொந்த ஊருக்கு அனுப்பியதாகவும் அதில் சைரஸ் சொல்லிக்கொள்கிறான். ஆனால் யூதர், எருசலேம் என்ற பெயர்கள் அதில் எங்கும் இல்லை. ஒட்டுமொத்தக் கொள்கையின் ஒரு பகுதியாகத்தான் யூதர்களுக்கும் வாய்ப்புக் கிடைத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்த ‘சைரஸ்’ இன்றைக்கும் அரசியலில் உயிரோடு இருக்கிறார். 2018 மார்ச்சில் வெள்ளை மாளிகைக்குப் போன நெதன்யாகு, எருசலேமை இஸ்ரேலின் தலைநகராக அங்கீகரித்த டிரம்பை சைரஸோடு ஒப்பிட்டார். டிரம்ப் முகத்தையும் சைரஸ் முகத்தையும் பொறித்து ஒரு அமைப்பு நாணயமே வெளியிட்டது. திரும்பி வருவதற்கு ஒரு பேரரசின் கையெழுத்து தேவை என்ற பழைய கணக்கு அப்படியே தொடர்கிறது. 1917-இல் அந்தக் கையெழுத்தைப் போட்டது பிரிட்டனின் பால்ஃபர்.

42,360 பேரும், பட்டியலில் சிக்கிய 652 பேரும்

சைரஸ் கதவைத் திறந்ததும் எல்லாரும் மூட்டை கட்டிவிட்டார்களா? அதுதான் இல்லை.

எஸ்றா புத்தகத்தின் இரண்டாம் அதிகாரம் திரும்பியவர்களின் எண்ணிக்கையைத் தருகிறது: 42,360 பேர். கூடவே 7,337 வேலைக்காரர்கள், 200 பாடகர்கள். குதிரை, கழுதை எண்ணிக்கை வரை இருக்கிறது. ஆனால் பெரிய கூட்டம் பாபிலோனிலேயே தங்கிவிட்டது. நிலம், தொழில், பேரப்பிள்ளைகள் எல்லாம் அங்கேதானே. யூதர்கள் இன்றும் அதிகமாகப் படிக்கும் தல்மூது உருவானது பாபிலோனில்தான் என்பதை வைத்தே அந்தச் சமூகம் எவ்வளவு காலம், எவ்வளவு பலமாக அங்கே வாழ்ந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

அதே அதிகாரத்தில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் சில வரிகள் உண்டு. மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 652 பேர் திரும்பி வருகிறார்கள்; தாங்கள் இஸ்ரவேலர்தானா என்பதற்கு அவர்களால் வம்சாவளி ஆதாரம் காட்ட முடியவில்லை. ஆசாரியர்கள் என்று சொல்லிக்கொண்ட சிலரின் பெயரும் பதிவேட்டில் இல்லை. அவர்களை ஆசாரியப் பணியிலிருந்து விலக்கி வைத்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், டாக்குமெண்ட் வெரிஃபிகேஷனில் ஹோல்டு.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. ஆலயம் கட்டும் வேலை தொடங்கியதும், அந்த மண்ணிலேயே இருந்தவர்கள் வந்து, ‘நாங்களும் உங்கள் கடவுளைத்தான் கும்பிடுகிறோம், சேர்ந்து கட்டலாம்’ என்கிறார்கள். திரும்பி வந்தவர்களின் தலைவர்கள் மறுத்துவிடுகிறார்கள். பகை மூள்கிறது, வேலை நிற்கிறது. சில பதிற்றாண்டுகள் கழித்து எஸ்றா வரும்போது, வேற்றினப் பெண்களை மணந்தவர்கள் அந்த மனைவிகளையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட வேண்டும் என்று முடிவாகிறது.

போய்த் திரும்பியவர் உண்மையான வாரிசா, போகாமலே இருந்தவர் உண்மையான வாரிசா? இந்தக் கேள்விக்குத் திரும்பியவர்கள் சொன்ன பதில்தான் நூலாகி நம் கைக்கு வந்திருக்கிறது. 

நிலத்துக்கு நிரந்தரப் பட்டா உண்டா?

இன்றைக்கு மேற்குக் கரையில் குடியேற்றங்களை ஆதரிப்பவர்கள் ‘கடவுள் கொடுத்த நிலம்’ என்று பைபிளைக் காட்டுகிறார்கள். வாக்குறுதி பைபிளில் இருப்பது உண்மைதான். ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு நிபந்தனையும் வருகிறது. அதைப் பேசுபவர்கள் குறைவு.

லேவியராகமத்தின்படி நிலத்தின் சொந்தக்காரர் கடவுள். மக்கள் அதில் குடியிருப்பவர்கள் மட்டுமே. முன்பு அங்கிருந்தவர்களைத் துப்பியது போல, தப்புச் செய்தால் உங்களையும் அந்த நிலம் துப்பிவிடும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. உபாகமத்தில் வெளியேற்றமும் திரும்புதலும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்கள். ஏழைகளை ஏமாற்றியதும் நீதியை விற்றதும்தான் நாடு போனதற்குக் காரணம் என்று தீர்க்கதரிசிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வாக்குறுதியை மட்டும் கத்தரித்து எடுத்து மேடையில் பேசுவது இந்த ஒப்பந்தத்தில் பாதியைத்தான் படிப்பது.

யூத மதத்துக்குள்ளேயே இதற்கு எதிர்க்குரல் உண்டு. கி.பி. 70-இல் ரோமானியர்கள் இரண்டாவது ஆலயத்தை இடித்தார்கள். 135-இல் அடுத்த கிளர்ச்சியும் நசுக்கப்பட்டு, யூதர்கள் எருசலேமுக்குள் வரவே தடை வந்தது. அதன் பிறகு பலத்தால் கூட்டமாகத் திரும்பக் கூடாது, மேசியா வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கருத்து தல்மூதில் இடம்பெற்றது. அதைக் காட்டித்தான் ‘நெத்துரேய் கர்த்தா’ போன்ற தீவிர மதப்பற்றுள்ள யூதர்கள் இன்றும் இஸ்ரேல் என்ற நாட்டையே ஏற்க மறுக்கிறார்கள்.

ஆபரேஷன் பெயர்களிலேயே பைபிள்

1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு பெரிய அளவில் மக்களைக் கொண்டுவந்த திட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். எத்தியோப்பிய யூதர்களுக்கு ‘ஆபரேஷன் மோசே’ (1984-85), பிறகு ‘ஆபரேஷன் சாலமோன்’. 1991 மே மாதம் 36 மணி நேரத்தில் 14,000-க்கும் மேற்பட்டவர்களை விமானங்களில் ஏற்றிக் கொண்டுவந்தது இந்த இரண்டாவது திட்டம்.

ஈராக் யூதர்களுக்கு வைத்த பெயர் ‘எஸ்றா, நெகேமியா’. எருசலேமுக்குத் திரும்பிய அதே தலைவர்கள். ஈராக் என்பதுதான் அந்தப் பழைய பாபிலோன். சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு சைரஸ் கூப்பிட்டும் போகாமல் தங்கியவர்களின் வாரிசுகள், 1950-51-இல் சுமார் 1,20,000 பேர் வெளியேறினார்கள்.

ஆனால் இதைச் சந்தோஷமான வீடு திரும்பலாக மட்டும் பார்க்க முடியாது. 1941-இல் பாக்தாத்தில் நடந்த ‘ஃபர்ஹூத்’ கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டிருந்தனர். 1950-இல் ஈராக் அரசு, குடியுரிமையைத் துறந்தால் போகலாம் என்று சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு, பதிவு செய்தவர்களின் சொத்துகளை முடக்கியது. பாக்தாத்தில் வியாபாரியாக, அதிகாரியாக இருந்தவர்கள் இஸ்ரேலில் இறங்கியதும் டிடிடி தெளிக்கப்பட்டு, கூடார முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு உண்மையான நாடுகடத்தல் அன்றுதான் தொடங்கியது.

எத்தியோப்பியர்களுக்கும் அந்த 652 பேரின் கதைதான். 1973-இல் தலைமை ரப்பி ஒருவர் அவர்களைத் தாண் கோத்திரத்தினர் என்று ஏற்றுக்கொண்டார். இருந்தும் வந்திறங்கிய பிறகு அடையாள மதமாற்றச் சடங்கு செய்யச் சொன்னார்கள். 1985-இல் அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

ஒரே ஆண்டு, இரண்டு சட்டங்கள்

1950 ஜூலையில் இஸ்ரேல் ‘திரும்புதல் சட்டம்’ கொண்டுவந்தது. உலகில் எங்கிருக்கும் யூதரும் வந்து குடியேறலாம். 1970-இல் அது யூதரின் பேரப்பிள்ளைகள் வரை விரிந்தது. (பினெய் மெனாஷே மக்கள் இந்தச் சட்டத்தின் கீழ் நேரடியாக வர முடியாது. தனி அரசாணை, பிறகு மதமாற்றம், அதன் பிறகே குடியுரிமை.)

அதே 1950 மார்ச்சில் வந்தது ‘இல்லாதோர் சொத்துச் சட்டம்’. 1948 போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் தப்பி ஓடினார்கள் அல்லது துரத்தப்பட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வீடும் நிலமும் இந்தச் சட்டத்தின் மூலம் அரசின் கட்டுப்பாட்டுக்குப் போயின. அமைதியாக வாழ விரும்பும் அகதிகள் திரும்ப அனுமதிக்கப்பட வேண்டும் என்று 1948 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை 194-ஆவது தீர்மானம் நிறைவேற்றியது. இஸ்ரேல் இதுவரை ஏற்கவில்லை. யூதப் பெரும்பான்மை போய்விடும் என்பதும், அரபு நாடுகளிலிருந்து யூதர்களும்தான் சொத்தை இழந்து வந்தார்கள் என்பதும் அதன் வாதம். ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் அமைப்பில் பதிவானவர்கள் இன்று சுமார் 59 லட்சம் பேர். பழைய வீட்டுச் சாவியைப் பேரப்பிள்ளைகள் வரை பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் அதில் ஏராளம்.

மணிப்பூர் குடும்பங்கள் எங்கே போகிறார்கள்?

1990-களில் போன பினெய் மெனாஷே குடும்பங்களில் பலரை மேற்குக் கரையின் கிரியாத் அர்பாவிலும் காஸாவின் யூதக் குடியிருப்புகளிலும் குடியமர்த்தினார்கள். வாடகை குறைவு, இடம் இருந்தது. 2005-இல் காஸாவிலிருந்து இஸ்ரேல் வெளியேறியபோது, அந்தக் குடும்பங்களும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. ‘வீடு திரும்பிய’ சில ஆண்டுகளில் மறுபடி வெளியேற்றம்.

2023 மே மாதம் மணிப்பூரில் வெடித்த வன்முறையிலும் இந்தச் சமூகத்தினர் வீடுகளை இழந்தார்கள். ஏற்கனவே போனவர்களின் சொந்தங்கள் இங்கே, இவர்களின் சொந்தங்கள் அங்கே. கிளம்பும் அவசரத்துக்கு ஆன்மிகக் காரணம் மட்டும்தான் என்று சொல்ல முடியாது.

புதிதாக வருபவர்களுக்கு இஸ்ரேல் அரசு ஒதுக்கும் பகுதி வடக்கே கலிலேயா. ஹிஸ்புல்லா ராக்கெட்டுகளால் வடக்கு எல்லையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேறியிருந்தனர். அங்கே மக்கள்தொகையைப் பலப்படுத்துவதும் இத்திட்டத்தின் நோக்கம் என்று அரசே சொல்கிறது. பைபிள் வரைபடத்தில் மனாசே கோத்திரத்தின் பங்கு இன்றைய மேற்குக் கரையின் வடபகுதியிலும் யோர்தானுக்குக் கிழக்கேயும் வருகிறது. ஆனால் ரேஷன் கார்டு மாதிரி, ஒதுக்கிய இடத்தில்தான் வாங்க வேண்டும்.

முதல் கட்டத்தினருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் ஊர் நோஃப் ஹகலில். 1957-இல், அரபு நகரமான நாசரேத்துக்குப் பக்கத்துக் குன்றில், அரபு மக்களிடமிருந்து கையகப்படுத்திய நிலத்தையும் சேர்த்து உருவானது அது. இன்று அங்கும் கணிசமான அரபுக் குடும்பங்கள் வசிக்கின்றன.

குன்றிலிருந்து இறங்கினால் நாசரேத்தில் ‘சஃபாஃப்ரா’ என்றொரு குடியிருப்புப் பகுதி. சில கிலோமீட்டர் தள்ளி இருந்த சஃபூரியா கிராமத்திலிருந்து 1948-இல் வெளியேறியவர்கள் அங்கே வசிக்கிறார்கள். அந்தக் கிராமம் இருந்த இடம்தான் பழைய செப்போரிஸ். ரோமானியர்கள் எருசலேமை அழித்த பிறகும் யூதர்கள் தொடர்ந்து வாழ்ந்த நகரம் அது. மிஷ்னாவைத் தொகுத்த ரப்பி யூதா கடைசி ஆண்டுகளைக் கழித்ததும் அங்கேதான். இப்போது அது தேசியப் பூங்கா. சஃபூரியாக்காரர்கள் இஸ்ரேலியக் குடிமக்கள், வாக்குரிமை உண்டு. 1950 சட்டப்படி அவர்கள் நாட்டில் இருந்துகொண்டே ‘இல்லாதவர்கள்’. டிக்கெட் வாங்கினால் பூங்காவைச் சுற்றிப் பார்க்கலாம்.